நடை, நிரல், நுரை

'லினக்ஸ் பீர் வாண்டெருங்' என்னும் ஜெர்மன் பெயரை முதன்முதலாகக் கேட்பவர்கள் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் என்றே நினைப்பார்கள். லினக்ஸ் ஒரு கணினி இயங்குதளம். பீர் பற்றி விளக்கம் தேவையில்லை. வாண்டெருங் என்றால் காடு மலைகளின் ஊடே, அவசரமில்லாமல், நாள் முழுவதும் நடப்பது. ஒன்றோடொன்று ஒட்டாத இந்த மூன்றையும் சேர்த்து ஒரு வாரத்தைக் கழிக்கும் கூட்டத்திற்குத்தான் அந்தப் பெயர். 1999ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மனியின் ஃபிராங்கோனியக் குன்றுப் பகுதியில் முதற்கூட்டம் நடந்தது. அதன்பின் 2000இல் இங்கிலாந்து ஏரி மாவட்டத்தின் கோனிஸ்டன், 2001இல் பெல்ஜியத்தின் பூயோன், 2002இல் அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள டூலின் என்று ஆண்டுக்கு ஓர் ஊராக அது நகர்ந்தது. பகலில் மலையேற்றம், மாலையில் மதுவிடுதி. இடையிடையே ஒரு கூடத்தில் கணினிகளைப் பிணைத்து வைத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது. இதைத் தவிர நிகழ்ச்சி நிரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். கணினிக்காரர்கள் குடித்துவிட்டு மலையேறினால் நமக்கென்ன என்று கடந்து போகவும் செய்யலாம். ஆனால் பலர் கூடி, ஊதியமில்லாமல், உரிமை கோராமல் ஒரு பொதுச்சொத்தை உருவாக்குவது என்பது நமக்கு அயலான விஷயம் அல்ல. மொழியும் கதையும் நாட்டார் பாடலும் அப்படித்தான் உருவாயின. அவ்வாறு உருவாக்குகிறவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்க்க வேண்டுமா, பார்த்தால் எங்கே உட்கார வேண்டும், அந்த இடத்தில் யாருக்கு நாற்காலி உண்டு, யாருக்கு இல்லை என்பவை சிறுபத்திரிகை நடத்திய எவருக்கும் பழக்கமான கேள்விகள். இந்தக் கூட்டத்தை வெறும் கேளிக்கை என்று தள்ளுவது தவறு என்பது என் கருத்து. அதன் மேசையில் இருக்கும் கோளாறைக் காணாததுபோல் இருப்பதும் அதேயளவு தவறு. இரண்டையும் சொல்லவே இக்கட்டுரை.

*

முதற்கூட்டம் நடந்த காலத்தை நினைவில் கொள்வது நல்லது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் முதல் வடிவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து, எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையில் வளர்ந்த ஒரு முழு இயங்குதளமாயின. 1998இல்தான் வணிக உலகின் காதுக்கு இதமாக இருக்கட்டுமென்று 'திறந்த மூலம்' என்ற தொடர் உருவாக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி ரெட் ஹாட் நிறுவனத்தின் பங்குகள் 14 டாலருக்கு வெளியிடப்பட்டு அன்று மாலையே 52 டாலரைத் தொட்டு நின்றன. டிசம்பர் 9ஆம் தேதி விஏ லினக்ஸ் நிறுவனத்தின் பங்கு 30 டாலரில் தொடங்கி 239 டாலருக்கு மேல் போய் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் குமிழி உடைந்து பலர் கையைச் சுட்டுக்கொண்டது தனிக்கதை.

அதே ஆண்டில், அதே மென்பொருளின் பெயரால், ஒரு கூட்டம் காலணியை இறுகக் கட்டிக்கொண்டு குன்றேறிக் கொண்டிருந்தது. எனக்கு இந்த முரண் மிக முக்கியமானதாகப் படுகிறது. பங்குச் சந்தை லினக்ஸுக்கு ஒரு விலை வைத்தது. நடக்கப் போனவர்கள் அதை ஒரு வாரம் சேர்ந்து வாழ்வதற்கான காரணமாக வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் 2018இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கும், 2019இல் ஐபிஎம் ரெட் ஹாட்டை 3400 கோடி டாலருக்கும் வாங்கின. விலை வைத்தவர்கள் வென்றார்கள் என்றே வரலாறு எழுதப்படும். இருந்தாலும், விலைக்குக் கொடுக்க முடியாத எதுவோ அந்த நடையில் இருந்தது என்று எண்ணுகிறேன்.

*

பீர் எப்படி இதற்குள் வந்தது? ஆங்கிலத்தின் ஒரு வறுமையே காரணம். விலையில்லாதது, தளையில்லாதது என்ற இரண்டுக்கும் அம்மொழியில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்தான். தான் சொல்வது பேச்சுரிமையில் உள்ள 'ஃப்ரீ', ஓசி பீரில் உள்ள 'ஃப்ரீ' அன்று என்று ஸ்டால்மன் ஓயாமல் விளக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கம் ஒரு முழக்கமாயிற்று, முழக்கம் நகைச்சுவையாயிற்று. 2004இல் கோபன்ஹேகனில் சூப்பர்ஃபிளெக்ஸ் என்ற கலைக்குழு மாணவர்களோடு சேர்ந்து ஒரு பீரின் செய்முறையையே படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வெளியிட்டது. யாரும் காய்ச்சலாம், மாற்றலாம், விற்கலாம். மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஸ்டால்மனின் எதிர்மறை உவமையை நேர்மறையாகத் திருப்பிய குறும்பு அது.

தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொன்ன மாத்திரத்தில் பொருள் விளங்கிவிடுகிறது. ஜெர்மன் மொழியிலும் விலையில்லாததைக் குறிக்கத் தனிச்சொல் உண்டு. ஆனால் விடுதலையைக் குறிக்கும் 'ஃப்ராய்' என்ற சொல்லை ஓசி பீருக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அதே சொல் மலைக்கும் உண்டு என்பதைப் பிறகு பார்ப்போம்.

நம் ஊரில் குடி என்றதும் நினைவுக்கு வருவது அரசு மதுக்கடையின் கம்பிக்கூண்டும், ஒதுக்குப்புறமும், வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் கலக்கமும்தான். அந்தச் சித்திரத்தை வைத்துக்கொண்டு ஃபிராங்கோனியாவைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அங்கே பீர் ஊர்ப்பண்டம். ஆஃப்செஸ் என்ற ஊராட்சியில் சுமார் 1500 பேருக்கு 4 மதுவடிப்பகங்கள். கின்னஸ் பதிவிலேயே இடம்பெற்ற விகிதம் அது. அந்த நான்கையும் இணைத்துக் காடும் வயலுமாக ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஆக, நடையையும் பீரையும் கணினிக்காரர்கள் சேர்க்கவில்லை. அந்த நிலத்தில் அவை ஏற்கெனவே சேர்ந்தே இருந்தன. இவர்கள் லினக்ஸை மட்டும் கொண்டுபோனார்கள்.

அதைவிட வியப்பளிப்பது பக்கத்து நிலமான மேல் பாலாட்டினேட்டின் 'சோய்க்ல்' மரபு. விண்டிஷ்எஷன்பாக், நோய்ஹவுஸ், எஸ்லார்ன், ஃபால்கன்பெர்க், மிட்டர்டைஷ் ஆகிய ஊர்களில் ஊருக்குப் பொதுவான ஒரு காய்ச்சுசாலை உண்டு. காய்ச்சும் உரிமையுள்ள வீட்டார் முறைவைத்து அங்கே போய், முளைகட்டிய பார்லியையும் ஹாப் பூவையும் விறகடுப்பில் காய்ச்சி, ஆறவைத்த சாற்றை வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். பக்குவமானதும் வீட்டு வாசலுக்கு மேலே ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். நட்சத்திரம் தொங்கினால் யாரும் உள்ளே வந்து உட்காரலாம் என்று பொருள். இவர்கள் வீட்டுப் பீர் தீர்ந்ததும் அடுத்த வீட்டில் நட்சத்திரம் ஏறும். அண்டாவும் அடுப்பும் பொது, செய்முறை எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் ஒவ்வொரு வீட்டின் சுவையும் வேறு. கட்டற்ற மென்பொருள் இயங்கும் முறையை ஒரு குழந்தைக்கு விளக்க வேண்டுமானால் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதிலேயே ஒரு முள்ளும் இருக்கிறது. சோய்க்ல் காய்ச்சும் உரிமை ஆளுக்கு உரியதன்று, வீட்டுக்கு உரியது. குறிப்பிட்ட வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கே அது உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கும் கூலிக்கு வந்தவருக்கும் இல்லை. வாசலில் தொங்கும் நட்சத்திரம் எல்லோரையும் குடிக்க அழைக்கிறது. காய்ச்ச அழைப்பதில்லை. பொது என்று சொல்லப்படும் எதையும் பார்க்கும்போது 'யாருக்குப் பொது' என்றும் கேட்டுக்கொள்ள இது ஒரு பாடம்.

*

இனி நடைக்கு வருவோம். மலைப்பாதை எப்போதும் எல்லோருக்கும் திறந்திருந்தது என்பது ஒரு மயக்கம். 1895இல் வியன்னாவில் சோசலிசத் தொழிலாளர்கள் 'இயற்கை நண்பர்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். காடும் மலையும் பிரபுக்களின் வேட்டைக்களமாகவும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கிடமாகவும் இருந்த காலம். அந்தச் சங்கத்தார் ஒருவரையொருவர் பார்க்கும்போது சொல்லிக்கொண்ட முகமன் 'பெர்க் ஃப்ராய்'. மலை கட்டற்றது என்று பொருள். ஸ்டால்மன் தேடிய அதே விடுதலைச் சொல் அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மலைச்சரிவில் வாழ்த்தாகச் சொல்லப்பட்டுக் கொண்டிருந்தது. 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் ஜெர்மனியில் அச்சங்கத்தைத் தடைசெய்தார்கள்.

இங்கிலாந்திலும் அப்படித்தான். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாள இளைஞர்கள் சில நூறு பேர், வேட்டைக்காக வேலியிட்டு வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலத்தில் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். ஐவர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டமும், 2000இல் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையை வழங்கும் சட்டமும் வந்ததற்குப் பின்னால் அந்த அத்துமீறலும் இருக்கிறது. லினக்ஸ் நடைக்காரர்கள் கோனிஸ்டனில் கூடிய ஆண்டும் அதே 2000தான். நடக்கும் உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டிருந்த நாட்டில், நிரலைப் படிக்கும் உரிமைக்காகப் பேசுபவர்கள் நடந்தார்கள். இது தற்செயல்தான், ஆயினும் பொருத்தமான தற்செயல்.

கோனிஸ்டன் சிறிய ஊர். அங்குள்ள பிளாக் புல் விடுதியின் பின்கட்டில் காய்ச்சப்படும் 'புளூபேர்ட்' பீர் 1998இல் பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்ற விருதைப் பெற்றது. 1967 ஜனவரி 4ஆம் தேதி கோனிஸ்டன் ஏரியில் வேகச் சாதனை படைக்க முயன்று இறந்துபோன டொனால்ட் காம்பெலின் படகின் பெயர் அது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வூர் வேறொரு காரணத்தால் முக்கியம். ஜான் ரஸ்கின் தம் கடைசிக் காலத்தை அந்த ஏரிக்கரையில் பிராண்ட்வுட் என்னும் வீட்டில் கழித்தார். 1900இல் இறந்த அவரது கல்லறை கோனிஸ்டன் தேவாலய முற்றத்தில் இருக்கிறது. அவருடைய 'அன்டு திஸ் லாஸ்ட்' நூலைத்தான் 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் காந்தி படித்தார். ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதிலிருந்து பிறந்தது. பின்பு 'சர்வோதயம்' என்ற பெயரில் குஜராத்தியில் அதைச் சாரமாக எழுதினார்.

உழைப்புக்கும் விலைக்கும் உள்ள உறவைச் சந்தை மட்டும் தீர்மானிக்க முடியாது என்பது ரஸ்கினின் வாதம். ஊதியமில்லாமல் எழுதப்பட்ட நிரல் உலகின் வழங்கிகளைத் தாங்கி நிற்பதைக் கண்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பது சுவையானது. இன்னொரு செய்தியும் உண்டு. 1910இல் ஃபீனிக்ஸிலிருந்து வெளியான 'இந்திய சுயராஜ்ய'த்தின் ஆங்கிலப் பதிப்பில், எந்த உரிமையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளப்படவில்லை என்ற அறிவிப்பு முகப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. குனு உரிமத்தின் முதல் வடிவம் வந்த 1989க்கு எழுபத்தொன்பது ஆண்டுகள் முன்னால். ரஸ்கினின் கல்லறை உள்ள ஊரில் கட்டற்ற மென்பொருள்காரர்கள் கூடியபோது காந்தியும் ஏதோ ஒரு வகையில் அங்கே இருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

மறு ஆண்டு கூடிய பூயோனும் வெறும் கோட்டை ஊர் அல்ல. 1760இல் பியர் ரூசோ என்ற பத்திரிகையாளர் தம் 'கலைக்களஞ்சிய இதழை' அங்கே கொண்டுவந்து அச்சிட்டார். பிரெஞ்சுத் தணிக்கையின் கைக்கு எட்டாத ஒரு குட்டிப் பிரபுநாட்டில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சு வாசகர்களுக்கு அறிவொளிக் காலச் சிந்தனைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். டூலினோ பாட்டுக்குப் பேர்போன ஊர். மதுவிடுதியின் மூலையில் யார் வேண்டுமானாலும் குழலோடும் ஃபிடிலோடும் வந்து உட்கார்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத மெட்டுகளைச் சேர்ந்து வாசிப்பார்கள். இவ்வூர்களைத் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் எண்ணித் தேர்ந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. மலையும் பீரும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் நடந்து போகத்தக்க இடங்கள், பொதுவில் வைத்துக்கொள்ளும் பழக்கங்கள் மிஞ்சிய இடங்களாகவும் இருப்பது கவனிக்கத்தக்கது.

*

இவர்கள் ஏன் சந்திக்க வேண்டும்? எல்லா வேலையும் இணையத்தில் நடக்கிறதே? இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

ஒன்று, நம்பிக்கை. டெபியன் போன்ற திட்டங்களில் ஒருவர் அனுப்பும் நிரல் அவருடையதுதான் என்று உறுதிசெய்ய மறையீட்டுச் சாவிகள் உண்டு. அந்தச் சாவி இன்னாருடையது என்பதற்கு எது சாட்சி? இரண்டு பேர் நேரில் சந்தித்து, கடவுச்சீட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பிறகு ஒருவர் சாவியில் மற்றவர் ஒப்பமிடுவார்கள். இப்படி ஒருவரையொருவர் கண்ணால் கண்டவர்களின் வலைப்பின்னல்தான் அத்திட்டத்தின் அடித்தளம். எவ்வளவு கணிதம் இருந்தாலும் கடைசியில் 'இவரை எனக்குத் தெரியும்' என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, தனிமை. 2024 மார்ச் 29ஆம் தேதி வெளிவந்த எக்ஸ்ஜி விவகாரத்தைப் பலரும் மறந்திருக்கலாம். தகவல்களைச் சுருக்கி வைக்கும் சிறிய கருவி அது. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் பல ஆண்டுகளாகத் தம் ஓய்வுநேரத்தில் அதைப் பராமரித்து வந்தார். வேலை தாமதமாகிறது என்று முகம் தெரியாத சிலர் அவரை நச்சரித்தார்கள். அந்நேரம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவாக உதவ முன்வந்தார். இரண்டாண்டுகளுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்புப் பொறுப்பிலும் பங்கு பெற்று, கடைசியில் உலகின் கணினிகளுக்குள் கள்ளத்தனமாக நுழைய ஒரு பின்வாசலை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததால் அது அகப்பட்டது. அந்த ஜியா டானை எவரும் நேரில் பார்த்ததாகத் தெரியவில்லை.

சேர்ந்து மலையேறியிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல. ஒற்றர்களுக்கும் நடக்கத் தெரியும், நன்றாகவே குடிக்கவும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. உலகம் சாய்ந்து நிற்கும் தூண்கள் பலவும் இப்படித் தனியே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தாம். அவர்களுக்கு வருவது குறைகூறும் கடிதங்கள் மட்டுமே. களைத்துவிட்டேன் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், 'நான் சுமக்கட்டுமா' என்று கேட்கும் எந்தக் குரலும் தெய்வக் குரலாகத்தான் கேட்கும். ஆண்டுக்கு ஒரு வாரமாவது, செய்யும் வேலையின் அருமை தெரிந்த நாலு பேரோடு நடப்பது ஆடம்பரம் அல்ல. அது அந்தத் தூண்களுக்கான பராமரிப்பு.

அதற்கு நடையைப் போல் உகந்தது வேறில்லை. கருத்தரங்கில் ஒருவர் மேடையில், மற்றவர் கீழே. விருந்தில் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசியாக வேண்டும். நடக்கும்போது இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். பேச்சு நின்றால் அது சங்கடம் ஆவதில்லை, காலடி ஓசை அதை நிரப்பிவிடுகிறது. கூச்சம் மிகுந்தவர்கள் நிறைந்த ஒரு தொழிலுக்கு இதைவிட நல்ல உரையாடல் முறை எது? வேர்ட்ஸ்வொர்த் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் மைல்களுக்குக் குறையாமல் நடந்திருப்பார் என்று டி குவின்சி கணக்கிட்டார். அவர் கவிதைகளில் பெரும்பகுதி நடையில் உருவானது என்பதில் வியப்பில்லை.

*

இவ்வளவும் சொன்னபின் மேசைக்கு வந்தாக வேண்டும்.

வேர்ட்ஸ்வொர்த்தே இதற்கு எச்சரிக்கை. ஏரி மாவட்டம் ரசனையுள்ள அனைவருக்கும் பொதுவான சொத்து என்று கருதிய அதே மனிதர், 1844இல் வின்டர்மியருக்கு ரயில் வரப்போகிறது என்றதும் கடுமையாக எதிர்த்தார். ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்குப் பயனில்லை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. 1876இல் ரஸ்கினும் ரயில் நீட்டிப்பை எதிர்த்து எழுதினார். ஏரிக்கரை முழுக்க மதுக்கடைகளும் உடைந்த புட்டிகளும் ஆகிவிடும் என்று அஞ்சினார். உழைப்பவனுக்காக எழுதியவருக்கே உழைப்பவன் பக்கத்தில் வந்து உட்கார்வது சங்கடமாயிருந்தது.

இதன் கொடூரமான வடிவத்தையும் மலையேற்ற வரலாறு கண்டிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன்-ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கத்தின் கிளைகள் ஒவ்வொன்றாக யூதர்களை வெளியேற்றத் தொடங்கின. வெளியேற்றப்பட்டவர்கள் 'டோனாவ்லான்ட்' என்ற பெயரில் தனிக்கிளை அமைத்தபோது, 1924இல் அந்தக் கிளையையே தாய்ச்சங்கம் நீக்கியது. உளவியலாளர் விக்டர் ஃபிராங்கல் அக்கிளையின் உறுப்பினர். மலையைப் பூட்ட முடியாது, மலைமேல் இருக்கும் தங்குகுடிலின் கதவைப் பூட்டலாம். நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலேயே, நடைத்தோழர்கள் தாமாகவே செய்த காரியம் இது.

லினக்ஸ் நடையில் இப்படி ஏதும் நடந்ததென்று நான் சொல்லவில்லை. அங்கே கதவைப் பூட்டியவர் யாருமில்லை. ஆனால் பூட்டாத கதவுகளும் சிலருக்குத் திறப்பதில்லை. 2002இல் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் கட்டற்ற மென்பொருள் எழுதுவோரிடையே நடத்திய ஆய்வில் பெண்கள் 1.1 விழுக்காடு. 2017இல் கிட்ஹப் நடத்திய ஆய்வில் 3 விழுக்காடு. பதினைந்து ஆண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் இவ்வளவுதான். இதற்குப் பீர்தான் காரணம் என்று சொல்வது அபத்தம். ஆனால் அறிமுகமில்லாத ஆண்கள் குடித்திருக்கும் இரவில் தனியே வந்து உட்காரத் தயங்கும் பெண், மதத்தின் பேரால் குடிக்காதவர், குடியிலிருந்து மீண்டு ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருப்பவர், மலையேற முடியாத காலுடையவர் ஆகியோர் அழைப்பிதழில் உள்ள பெயரைப் படித்த உடனேயே 'இது நமக்கில்லை' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கியவர்கள் எங்கும் புகார் எழுதுவதில்லை. ஆகவே யாரும் ஒதுக்கப்படவில்லை என்று நம்புவது எளிதாகிவிடுகிறது.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்த வாரம் கோனிஸ்டனுக்குக் காந்தி வந்திருந்தால்? 1930இல், அறுபது வயதில், 24 நாளில் 240 மைல் நடந்து தண்டிக்குப் போனவர் அவர். மலையில் மற்றவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியிருக்கும். மாலையில்? மேசையில் பீர் இருப்பதால் அவர் எழுந்து போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டுப்பாலோ வெந்நீரோ கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவர் பெரிய மனிதர், அவருக்காக மேசை நகரும். கேட்க வேண்டியது, அவரைப் போலவே குடிக்காத, அவரைப் போலப் பெயர் பெறாத, முதல் முறை வந்திருக்கும் ஓர் இருபது வயதுக்காரருக்காக அந்த மேசை நகருமா என்பதே.

தம்ளரில் என்ன இருக்கிறது என்பதல்ல பிரச்சினை. அந்த மேசையில் என்ன முடிவாகிறது என்பதே பிரச்சினை. ஒரு திட்டத்தின் அடுத்த பதிப்பு எப்படி இருக்க வேண்டும், பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம், யார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதெல்லாம் இரவு பத்து மணிக்கு மூன்றாவது குவளையின்போது முடிவானால், அங்கே இல்லாதவர்கள் அனைவரும் காலையில் இரண்டாம்தரக் குடிமக்களாக விழிக்கிறார்கள். நம் இலக்கியச் சூழலுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கவிஞர் முக்கியமானவர், எந்தத் தொகுப்பில் யார் பெயர் இடம்பெறும் என்பவை எந்தெந்த அறைகளில், என்ன நிலையில் முடிவாயின என்பதும், நம் பெண் எழுத்தாளர்கள் அவ்வறைகளுக்கு வெளியே எத்தனை காலம் நின்றார்கள் என்பதும் நாமறிந்ததே.

இதற்கான மருந்து கட்டற்ற மென்பொருள் உலகத்திடமே இருக்கிறது. அப்பாச்சி அறக்கட்டளையில் ஒரு கொள்கை உண்டு. திட்டம் பற்றிய எந்த முடிவும் பொது மடற்குழுவில் எழுதப்பட வேண்டும், அங்கே எழுதப்படாதது நடக்கவே இல்லை என்று பொருள். வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு நேரங்களில் விழித்திருப்பவர்களுக்காக ஏற்பட்ட விதி. ஆனால் மேசையில் உட்கார முடியாதவர்களையும் அது காப்பாற்றுகிறது. மலையில் ஒரு நல்ல யோசனை பிறக்கலாம், மதுவிடுதியில் பழைய பகை தீரலாம். மறுநாள் காலை அதை வெளிச்சத்தில் எழுதி வைத்து, வராதவர்களிடமும் 'என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்டாக வேண்டும். நட்பு மேசைக்கு உரியது, முடிவு எழுத்துக்கு உரியது.

பீரை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒழுக்கத்தின் பேரால் சுவையைத் துடைத்தெடுத்த கூட்டங்களில் எதுவும் முளைப்பதில்லை. பவேரியாவின் புகழ்பெற்ற 1516ஆம் ஆண்டுத் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப், நீர் இம்மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரக்கூடாது என்றது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சாற்றைப் பீராக்குவதே அதுதான். நடை, லினக்ஸ், பீர் என்று பெயரில் மூன்றைச் சொல்லும் இந்தக் கூட்டத்திற்கும் பெயரில் வராத நான்காவது ஒன்று உண்டு. ஒருவர் வேகத்திற்காக மற்றவர் நடையைக் குறைத்துக்கொள்வதுதான் அது. மலையேறுகிறவர்களுக்கு அது தெரியும். மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம் என்பது பாதையில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டம் மாலையில் விடுதி வாசலோடு நின்றுவிடாமல் உள்ளேயும் வந்து உட்கார வேண்டும் என்பதே நம் கோரிக்கை.